கப்பலை முதலில் கண்டவன்

போன மாதம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வெளிநாடு போய்விட்டு வருகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. போன இடத்தில் கண்டதைச் சொல்ல மாட்டார்கள். போவதற்கு முன்பே மனத்தில் வைத்திருந்ததை அந்த ஊரின் பெயரால் சொல்லுவார்கள். நண்பரும் சொன்னார்.

"சீனாக்காரன் ஓட்டைப் பாய்மரக் கப்பலில் வந்து இறங்கினான். இன்றைக்கு ஊரே அவன் கையில். மலாய்க்காரன் ஆதிமுதல் அங்கேயே இருந்தவன். கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான், அவ்வளவுதான். ரத்தம் ஐயா, ரத்தம்! உலகத்தில் உழைக்கிற ஜாதி, உறங்குகிற ஜாதி என்று இரண்டுதான் உண்டு."

இதோடு நிறுத்தியிருந்தால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருப்பேன். அவர் நம் ஊர்ப் பையன்கள் மேல் பாய்ந்தார். "இங்கேயும் அதே கதைதான். கிராமத்துப் பையனுக்கு எதற்கு அல்ஜீப்ரா? அப்பன் உழுதால் மகனை நல்ல உழவனாக ஆக்கு. அப்பன் வலை வீசினால் மகனை அவனைவிடக் கெட்டிக்கார வலைஞனாக ஆக்கு. பள்ளிக்கூடம் செய்ய வேண்டியது அதுதான். அதை விட்டுவிட்டு எல்லாரையும் நாற்காலி தேடுகிறவனாக ஆக்கிவிட்டோம்."

நண்பர் இதைத் தம்முடைய சொந்த அபிப்பிராயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பாவம். இது நூறு வருஷத்துப் பழைய சரக்கு. கோலாலம்பூர் சர்க்கார் அச்சகத்தில் அச்சாகி வந்தது. இவர் பேசிய முதல் பேச்சும் இரண்டாவது பேச்சும் ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகள். ஒருவன் சோம்பேறி என்று சொல்லுவது அண்ணன். ஆகையால் அவனுக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்று சொல்லுவது தம்பி. அன்றைக்கு அவர் வீட்டுக் காபி நன்றாக இருந்தது, எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. அந்தக் கடனை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த 'ஓட்டைக் கப்பல்' விஷயத்தைப் பார்ப்போம்.

ஆங்கிலேயர்கள் ஜங்க் என்று எழுதுகிற சீனப் பாய்மரக் கப்பல் ஓட்டையும் அல்ல, சாமானியமும் அல்ல. மரப்பலகைத் தடுப்புகளால் அறை அறையாகப் பிரித்த வயிறு. மூங்கில் சட்டம் கோத்த பாய். முன்புறத்தில் வழி பார்ப்பதற்கென்று தீட்டிய இரண்டு பெரிய கண்கள். வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்துக்கொண்டு மார்கழி, தை மாதங்களில் தெற்கே இறங்கும். தென்மேற்குக் காற்று எழுந்ததும் ஊர் திரும்பும். ராபிள்ஸ் சிங்கப்பூரில் கொடியேற்றியது 1819இல். அமாய் துறைமுகத்திலிருந்து முதல் ஜங்க் அங்கே நேராக வந்து நங்கூரம் போட்டது 1821இல். தேயிலை, பட்டு, பீங்கான், காகிதம், குடை, ஊதுவத்தி எல்லாம் வந்து இறங்கின. மிளகு, பிரம்பு, வெள்ளீயம், கடல் அட்டை, குழம்பு வைத்துச் சாப்பிடுகிற பறவைக் கூடு, தோல் பதனிடுகிற கேம்பியர், இவற்றோடு வங்காளத்து அபினும் திரும்பிப் போயின.

கப்பலுக்குள் நடந்த ஏற்பாடுதான் என் வாதத்துக்கு முக்கியம். கப்பலின் சொந்தக்காரர் பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். மாலுமிக்குச் சம்பளம் என்று அதிகம் கிடையாது. அதற்குப் பதிலாக இவ்வளவு சரக்கு ஏற்றிக்கொள் என்று கப்பலில் இடம் கொடுப்பார்கள். சுக்கான் பிடிக்கிறவனுக்கும் இடம், நங்கூரம் இழுக்கிறவனுக்கும் இடம். ஆகவே அது ஒரு முதலாளியும் நூறு கூலிகளும் போகிற கப்பல் அல்ல. பெரிதும் சிறிதுமாகப் பல வியாபாரிகள் ஒரே கூரையின் கீழ் மிதந்து வந்த கடைத்தெரு. ஒவ்வொருவனுக்கும் ஒரு மூட்டை, ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கணக்கு. எல்லாக் கணக்கையும் எழுத்தில் வைக்க ஒரு கணக்கர். 

இப்போது கரைக்கு வருவோம். ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் என்று ஓர் ஆங்கிலேயர் 1830களின் தொடக்கத்தில் அந்தக் கடல்களில் சுற்றியவர். 1837இல் புத்தகம் போட்டார். வருஷத்தின் முதல் ஜங்க் வருகிற காட்சியை அதில் எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் அது வரும். சிங்கப்பூர்ச் சீனர்கள் அதற்காகத் தவம் கிடப்பார்கள். அது வருகிறது என்ற செய்தி கிடைத்ததும் தெருவில் ஓடுகிறவர்கள் ஓட, படகு தேடுகிறவர்கள் தேட, ஊர் அமர்க்களப்படும். எல்லாம் சரி. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது யார்? கிழக்கே கடலில் காவல் காத்திருந்த மலாய்ச் சம்பான்காரர்கள். ஏர்லே எழுதியிருக்கிறார்.

வேடிக்கை பார்த்தவன் என்று என் நண்பர் சொன்னாரே, அந்த மனிதன் இவன்தான். காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்து, விடியுமுன் துடுப்புப் போட்டு, தொடுவானத்தில் பாயின் நுனி தெரிந்தவுடன் இது இன்ன கப்பல் என்று கண்டுகொண்டு, ஊருக்கு முதல் செய்தி கொண்டுவந்தவன். சிங்கப்பூரின் வியாபார வருஷமே அவன் வாய்ச்சொல்லில் ஆரம்பித்தது. அவனையா தூங்கினான் என்கிறீர்கள்? கப்பலைக் கண்டவன் அவன். அதன் சரக்குப் பட்டியலை வாசிக்கத் தெரியாதவனும் அவன். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்துக்கு ரத்தம் என்று பெயர் வைப்பது சுலபம். எனக்குத் தெரிந்த பெயர் பள்ளிக்கூடம்.

உடனே ஒருவர் எழுந்து, 'சீனாக்காரனுக்கு மட்டும் சர்க்கார் பள்ளிக்கூடம் வைத்துக் கொடுத்தா?' என்று கேட்பார். நல்ல கேள்வி. கொடுக்கவில்லை. 1829இல் தாம்சன் என்ற பாதிரியார் சிங்கப்பூரில் இருந்த சீனப் பள்ளிக்கூடங்களைக் குறித்து வைத்தார். மூன்று இருந்தன. கம்போங் கிளாமில் கான்டனியர் பள்ளியில் பன்னிரண்டு பையன்கள். பீக்கிங் தெருவில் இன்னொரு கான்டனியர் பள்ளியில் எட்டுப் பேர். அதே தெருவில் ஹொக்கியன் பள்ளியில் இருபத்திரண்டு பேர். ஆக நாற்பத்திரண்டு குழந்தைகள்! இதுதான் 'உழைக்கிற ஜாதி'யின் கல்விச் செல்வம். ஆனால் அந்த நாற்பத்திரண்டு பேரின் தகப்பன்மாருக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. எழுத்தும் மணிச்சட்டமும் தெரிந்த பையன் கடையில் ஏறுவான். தெரியாதவன் மூட்டையின் கீழ் குனிவான். 1854இல் தான் கிம் செங் என்ற வியாபாரி முன்னின்று அமாய் தெருவில் சுய் எங் என்ற இலவசப் பள்ளியை ஏழை ஹொக்கியன் பையன்களுக்காக வைத்தார். பழைய நீதி நூல்களைப் படித்தார்கள், எழுத்து பழகினார்கள், மணிச்சட்டத்தில் கணக்கும் போட்டார்கள். யாரும் அவர்களிடம் வந்து, 'நீ கூலியின் மகன், கெட்டிக்காரக் கூலியாக ஆவதற்கு வேண்டியதை மட்டும் படி' என்று சொல்லவில்லை.

சீனர்களைத் தூக்கி வைத்து ஆடுவதாக யாரும் எண்ண வேண்டாம். அதே ஜங்க்கின் அடிவயிற்றில் ஆட்டு மந்தை மாதிரி அடைபட்டு வந்தவர்கள் உண்டு. கப்பல் கூலி கொடுக்க வழியில்லாதவனைக் கரையில் எவன் கடன் தீர்க்கிறானோ அவனிடம் ஒப்படைத்து விடுவார்கள். கேம்பியர்த் தோட்டத்தில் உழைத்து, உழைத்த காசை அபினில் புகைத்து, எலும்பு தெரியச் செத்தவர்கள் எத்தனையோ ஆயிரம். ஊரில் இருக்கும் தாய்க்கு ஒரு வரி எழுதத் தெரியாமல், தெருவோரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த கடிதம் எழுதுகிறவனுக்குக் காசு கொடுத்து எழுதி வாங்கினார்கள். அவர்கள் உடம்பிலும் அதே சீன ரத்தம்தானே ஓடியது? அந்த ரத்தம் ஏன் அவர்களைக் கடை முதலாளி ஆக்கவில்லை? எழுத்து தெரிந்த சீனனுக்கும் தெரியாத சீனனுக்கும் இருந்த தூரம், சீனனுக்கும் மலாய்க்காரனுக்கும் இருந்ததாகச் சொல்லப்படுகிற தூரத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

சரி, மலாய்க் கிராமத்தில் என்ன நடந்தது? இதற்குச் சாட்சி சொல்ல ஒருவர் இருக்கிறார். அவரை நம்மவர் என்றும் கொஞ்சம் சொல்லிக்கொள்ளலாம். முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் 18ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் பிறந்தவர். அவருடைய முன்னோர் ஒருவர் ஏமன் தேசத்திலிருந்து நாகூருக்கு வந்து, அங்கேயே பெண் எடுத்துக் குடியேறியவர். அந்த நாகூர்க் கிளைதான் பிறகு மலாக்காவில் வேர் விட்டது. ராபிள்ஸிடம் எழுத்தராக இருந்தார், துரைமார்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்தார். 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த அவருடைய சுயசரிதம் மலாய் உரைநடையில் ஒரு திருப்பம் என்கிறார்கள்.

அதிலே தம் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு என் பாட்டனார் சொன்ன திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. பொருள் தெரியாமல் ஓதுவது, ஓதாவிட்டால் அடி. விரல்களுக்கு நடுவே பிரம்புத் துண்டுகளைச் செருகிக் கயிற்றால் இறுக்கும் கருவி ஒன்று உண்டாம். நம் ஊரில் கிட்டி என்போமே, அதேதான். அங்கே அதற்குச் 'சீனக் கிட்டி' என்று பெயர். துறைமுகத்தில் சீனத்திலிருந்து எத்தனையோ வந்து இறங்கின. பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது இந்தப் பெயர் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று சொல்லுகிறார். அவருடைய தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டு வருஷத்துக்கு மேல் படித்தார். ஏன் தமிழ்? மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது முன்னோர் காலத்திலிருந்து வந்த வழக்கம். கணக்குப் பார்க்கவும் பேரம் பேசவும் அந்த மொழி வேண்டியிருந்தது. தமிழ் வியாபாரிகள் அங்கே பணத்திலும் பெயரிலும் ஓங்கி நின்ற காலம் அது. தமிழின் பெருமை என்று இதைக் கேட்டு நாம் மார்பைத் தட்டிக்கொள்ள வேண்டாம். தமிழ் அங்கே தெய்வ மொழியாக இருந்ததால் படிக்கவில்லை, துறைமுகத்துக் கணக்கு மொழியாக இருந்ததால் படித்தார்கள். துறைமுகத்தில் எது ஓடுகிறதோ அதைத் தன் பிள்ளைக்குச் சொல்லிவைத்தான் அந்த ஊர்த் தகப்பன். எந்தக் கல்விக் கமிஷனும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அப்துல்லாவுக்கு வேறொரு வருத்தம் இருந்தது. மலாய்ப் பிள்ளைகள் தங்கள் சொந்த மலாய் மொழியைப் படிப்பதற்கு ஒரு பள்ளிக்கூடமும் இல்லையே என்பது. வாயில் பேசினார்கள், எழுத்தில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

மலாய் ராஜாக்களையும் நான் விட்டுவிடப் போவதில்லை. சுல்தானும் தெமங்கோங்கும் தங்கள் பிள்ளைகளை வங்காளத்துக்குப் படிக்க அனுப்பட்டும், செலவு கம்பெனியுடையது என்று ராபிள்ஸ் கேட்டதாகவும், அவர்கள் அனுப்ப மறுத்துவிட்டதாகவும் அப்துல்லா எழுதுகிறார். வியாபாரம் செய்யுங்கள் என்று சொன்னபோது, வியாபாரம் ராஜாக்களுக்கு அடுக்காது என்றார்களாம். அரண்மனையில் பிறந்தவனுக்கு எழுத்து தேவைப்படாமல் போகலாம், மானியம் வந்து விடும். சம்பான்காரனுக்கு அந்த மானியம் கிடையாது. அவனுடைய மகனை யாரும் வங்காளத்துக்குக் கூப்பிடவும் இல்லை.

ராபிள்ஸ் 1823 ஜூன் மாதம் ஒரு கல்விச் சாலைக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். மலாய், சீனம், சயாமியம் என்று கீழ்த்திசை மொழிகளெல்லாம் படிக்கிற பெரிய சாலையாக அது வளரும் என்று மனக்கோட்டை கட்டினார். கட்டிவிட்டுக் கப்பலேறிப் போனார். பின்னால் வந்த கிராபர்டு துரைக்கு இதிலே நம்பிக்கை இல்லை. இந்த ஊர் ஜனங்கள் இவ்வளவு உயர்ந்த படிப்பினால் பயனடையும் நாகரிக நிலைக்கு இன்னும் வரவில்லை, ஆரம்பப் படிப்பே போதும் என்று எழுதிவிட்டார். ஆரம்பப் படிப்பாவது வந்ததா? கட்டடம் பாதியில் நின்று பாழடைந்து கிடந்தது. 1834இல் தனியாக ஆரம்பித்த ஓர் இலவசப் பள்ளி 1837இல் அங்கே குடிவந்த பிறகுதான் அதில் ஜனசஞ்சாரம் ஏற்பட்டது. மலாய் வகுப்பு சில வருஷங்கள் நடந்து 1842இல் நின்றுபோயிற்று. பையன்கள் வரவில்லை, மலாய்க்காரருக்கு அக்கறை இல்லை என்றார்கள். வயலும் வலையும் விட்டு வருகிற பையனுக்கு அந்தப் படிப்பின் முடிவில் என்ன கிடைக்கும் என்று யாரும் அவன் தகப்பனிடம் சொல்லவில்லை. கிடைப்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் சொல்லவில்லை.

பணம் இல்லை என்று ஒரு சமாதானம் உண்டு. சிங்கப்பூர் சுங்க வரி இல்லாத துறைமுகம், சர்க்காருக்கு வருமானம் ஏது என்பார்கள். வருமானம் இருந்தது ஐயா. அபின் விற்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் சர்க்கார் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அந்த ஒரே கடையிலிருந்து வந்தது. ஜங்க்கில் வந்த கூலி புகைத்த புகையில் ஆஸ்பத்திரி, கச்சேரி, ரஸ்தா, துரை பங்களா எல்லாம் எழும்பின. மலாய்க் கிராமத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று வந்தபோது மட்டும் கஜானாவின் சாவி காணாமல் போயிற்று. 1856இல் தெலுக் பிளாங்காவிலும் கம்போங் கிளாமிலும் இரண்டு மலாய்ப் பள்ளிகள் ஏற்பட்டன. சிங்கப்பூரில் கொடி ஏறி முப்பத்தேழு வருஷம் கழித்து!

1872இல் ஸ்கின்னர் என்பவர் கல்வி மேற்பார்வையாளராக வந்த பிறகு கிராமப் பள்ளிகள் பெருகின. குர்ஆன் ஓதுகிற பள்ளிகளோடு சேர்த்து மலாய் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். நியாயத்தைச் சொல்ல வேண்டும், அது நல்ல காரியம். ஆனால் எண்ணிக்கை பெருகப் பெருக, 'எவ்வளவு படிக்கலாம்' என்ற எல்லைக் கல்லும் பக்கத்திலேயே நடப்பட்டது. 1890இல் பேராக் ராஜ்யத்தில் ரெசிடென்டாக இருந்த ஸ்வெட்டன்ஹாம், விவசாயிகளின் பிள்ளைகளுக்கு அரைகுறையாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தால் உடலுழைப்பில் அதிருப்தி வந்துவிடும் என்று அறிக்கையில் எச்சரித்தார். அதிருப்தி! நோயின் பெயரை வைத்தியரே உளறிவிட்டார். பையன் முட்டாளாக இருப்பான் என்பது அவர் கவலை அல்ல. புத்திசாலியாகி, ஏன் என்று கேட்பான் என்பதுதான்.

1916இல் வின்ஸ்டெட் என்ற அதிகாரி ஜாவாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போய்ப் பார்த்து வந்தார். மலாய் மொழியில் மகா பண்டிதர். பழைய மலாய் இலக்கியங்களைத் தேடித் தேடிப் பதிப்பித்தவர், அதன் வரலாற்றை எழுதியவர். அவர் அந்த மொழியின் செல்வங்களையெல்லாம் அனுபவித்துவிட்டு, அதைப் பேசுகிற கிராமத்துப் பையனுக்கு எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டு என்ன தெரியுமா? நாலு வருஷப் படிப்பு, கூடை முடைதல், தோட்ட வேலை. கூடை முடைவது கேவலம் என்று சொல்லவில்லை. முடைகிற கை எனக்கு வராது, வருகிறவனைக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தப் பையனின் பாட்டி ஒரு சல்லி வாங்காமல் இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பாளே! அதற்கு ஒரு வாத்தியார், ஒரு கட்டடம், ஓர் இன்ஸ்பெக்டர் வேறா?

1920இல் மலாய்க் கூட்டரசின் தலைமைச் செயலாளர் மாக்ஸ்வெல் ஆண்டறிக்கையில் இதைச் சித்தாந்தமாகவே ஆக்கினார். மீனவன் மகனையும் குடியானவன் மகனையும் அவன் தகப்பனைவிடக் கெட்டிக்கார மீனவனாகவும் குடியானவனாகவும் ஆக்குவதுதான் சர்க்காரின் நோக்கம் என்பது அதன் சாரம். என் நண்பர் காபி ஆறுவதற்குள் சொன்னாரே, அதேதான். நூறு வருஷத்தில் ஒரு சொல் கூட மாறவில்லை. நான் ஒன்று கேட்கிறேன். கெட்டிக்கார மீனவன் என்றால் யார்? மீன் எங்கே கிடைக்கும் என்று அறிந்தவனா? அதை அவன் தகப்பனே அறிவான், தலைமைச் செயலாளருக்கு அது தெரியாது. பிடித்த மீன் என்ன விலைக்குப் போகிறது, வலைக்கு வாங்கிய கடன் எப்படி வளர்கிறது, முதலாளியின் புத்தகத்தில் தன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்தவன்தானே கெட்டிக்கார மீனவன்? அந்தப் புத்தகத்தைத் திறந்து வாசிக்கிற படிப்பைக் கூடையில் முடைய முடியாது.

இதே ஊரில் இதே காலத்தில் ராஜ குடும்பத்துப் பையன்களுக்குக் குவாலா காங்சாரில் 1905 முதல் ஓர் ஆங்கிலக் கல்லூரி நடந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் அவர்களைத் தகப்பனைவிடக் கெட்டிக்கார ராஜாக்களாக ஆக்குவதற்குக் கூடை முடையச் சொல்லவில்லை. 1922இல் தஞ்சோங் மாலிமில் கிராமப் பள்ளி வாத்தியார்களுக்கு ஒரு பயிற்சிக் கல்லூரி வைத்தார்கள். அங்கேயும் தோட்டமும் கூடையும் உண்டு. ஆனால் நாலு பேர் ஒரு கூரையின் கீழ்ப் புத்தகங்களோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது எந்தச் சர்க்காருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. அங்கே படித்த இப்ராஹிம் யாக்கூப் என்ற வாத்தியார்தான் 1938இல் வெள்ளைக்காரனை எதிர்த்து மலாய் இளைஞர் சங்கத்தைத் தொடங்கினார். ஸ்வெட்டன்ஹாம் பயந்த அதிருப்தி, அவர் பயந்தபடியே வந்தது. ஆங்கிலத்தில் வராமல் மலாயில் வந்தது.

நம் ஜனங்கள் கதை இதற்கு வெளியே இல்லை. ரப்பர் தோட்டத்தில் பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923இல் மலாய்க் கூட்டரசில் தொழிலாளர் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, பள்ளிக்கூடமும் வந்தது. லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை. வாத்தியார் பல இடங்களில் கங்காணி, அல்லது கிராணி. காலையில் பால் மரத்தில் ஆள் எண்ணுகிறவரே பிறகு 'அ' எழுதிக் காட்டுவார். பால் வெட்டுகிறவன் மகன் பால் வெட்டுகிறவனாக ஆவதற்கு அது போதும் என்று தோட்டத்து துரை கணக்குப் போட்டார். அவர் கணக்குத் தப்பவில்லை, பல தலைமுறைக்கு அப்படியே ஆயிற்று. என் நண்பர் அங்கே பிறந்திருந்தால் அவர் ரத்தத்தைப் பற்றி அந்த துரை என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சுதந்திரம் வந்த பிறகும் இந்தப் பேச்சுப் போகவில்லை. 1953இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பையன் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் தகப்பனோடு தகப்பன் தொழில். பள்ளிகள் போதாது, வாத்தியார் போதாது, இருப்பதைக் கொண்டு இரண்டு பங்கு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று அதற்கு அவர் காரணம் சொன்னார். அவர் மாக்ஸ்வெல் துரை அல்ல, குழந்தைகளின் மேல் கெட்ட எண்ணம் உள்ளவரும் அல்ல. ஆனால் தகப்பனின் தொழிலை மகனின் பாடத்திட்டமாக எழுதிய கை யாருடையதாக இருந்தாலும் எழுத்து ஒன்றுதான். ஜனங்கள் புரிந்துகொண்டார்கள், கொதித்தார்கள். 1954இல் காமராஜர் வந்ததும் அந்தத் திட்டம் போயிற்று.

சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெரு என்று ஒன்று இருக்கிறது. ஒருமுறை போயிருக்கிறேன். நண்பரும் போயிருப்பார், சாப்பிட. ஒரு காலத்தில் கடல் அந்தத் தெருவின் வாசலில் இருந்தது. ஜங்க்கில் வந்த சீனர்கள் அந்தக் கரையில்தான் இறங்கினார்கள். பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த கடல் தெய்வத்துக்கு 1839இலிருந்து 1842க்குள் அங்கே கோயில் எழுப்பினார்கள். அதற்குச் சில அடி தூரத்தில் 1828இல் தொடங்கி நம் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் பெயரால் கட்டிய தர்கா நிற்கிறது. அப்துல்லாவின் முன்னோர் குடியேறிய அதே நாகூர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்துவிட்டார்கள். இப்போது அங்கிருந்து அலை தெரியாது. கண்ணாடிக் கட்டடங்கள்தான் தெரியும். கடலில் வந்து இறங்கியவர்கள் ஆளுக்கொரு கல் நட்டு வைத்திருக்கிறார்கள். துடுப்புப் போட்டு முதல் செய்தி கொண்டுவந்தவனுக்கு அந்தத் தெருவில் ஒரு செங்கல் கூட நான் பார்க்கவில்லை. சையத் ஹுசைன் அலத்தாஸ் என்ற அறிஞர் 1977இல் எழுதிய புத்தகம் ஒன்று இருக்கிறது. சோம்பேறிச் சுதேசி என்கிற கட்டுக்கதையைச் சாட்சி வைத்து உரித்துக் காட்டியிருக்கிறார். தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மலிவாக வந்து வேலை செய்ய மறுத்தவனுக்குத் துரைமார் சூட்டிய பட்டம் அது என்பது அவர் கட்சி. நண்பருக்கு அந்தப் புத்தகத்தை அனுப்பி வைத்தேன்.

புத்தகம் அனுப்பியதோடு தொலைபேசியிலும் கூப்பிட்டேன். "உங்கள் பேரன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டேன்.

"என்ஜினீயரிங். அதற்கப்புறம் அமெரிக்கா போக வேண்டும் என்கிறான்."

"உங்கள் வீட்டில் சர்க்கார் உத்தியோகம்தானே பரம்பரைத் தொழில்? உங்கள் பாட்டனார் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தார் என்று சொல்லியிருக்கிறீர்களே. பையனைக் கெட்டிக்காரக் குமாஸ்தாவாக ஆக்கக் கூடாதா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "நீர் எதையும் எதையும் முடிச்சுப் போடுகிறீர். நான் பதில் எழுதுகிறேன்" என்றார். எழுதினால் இதே பக்கத்தில் போடும்படி ஆசிரியரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.